‘உன் உடம்பே உன்னைத் தின்னுது’

காலரா வந்தால் தண்ணீர் கெட்டது என்கிறோம். காசநோய் என்றால் கிருமி. பாம்பு கடித்துச் செத்தால் பாம்பு. வெளியே ஒன்று இருந்தது, உள்ளே வந்தது, கெடுத்தது. இந்த வகை நோய்களில் யாரைக் கேட்பது, எதைச் சுத்தம் பண்ணுவது என்பதாவது தெரிகிறது. குழாய் கேட்டு மறியல் பண்ணலாம், முனிசிபாலிட்டியோடு மல்லுக்கு நிற்கலாம். இன்னொரு வகை நோய் இருக்கிறது. அதில் வைத்தியர் சொல்லும் விளக்கமே தீர்ப்பு மாதிரி விழுகிறது: ‘வெளியில ஒண்ணும் இல்லப்பா, உன் உடம்பே உன்னைத் தின்னுது.’ இதற்கு யாரோடு போய்ச் சண்டை போடுவது?

ஆட்டோ இம்யூன் நோய் என்று இதற்குப் பெயர். தமிழில் ‘தன்னுடல் தாக்கு நோய்’ என்று எழுதுகிறார்கள். நான் தமிழ் படித்தவன், மருத்துவம் படித்தவனல்ல. ஆனாலும் சொல் என்று வந்துவிட்டால் நமக்கும் அதில் பாத்தியதை உண்டு. இந்தச் சொல்லின் முன்னால் ‘தன்’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அது யார்? எங்கிருந்து எதுவரைக்கும் ‘தன்’? ‘தன்’ என்று சொன்ன மாத்திரத்தில் பழி யார் தலையில் போய் விழுகிறது? இந்தக் கேள்விகள் மருத்துவக் கல்லூரிக்குள் மட்டும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியவை அல்ல.

ஒரு நோயை எடுத்துக்கொண்டு பேசலாம். சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ், பழைய பெயர் ஸ்கிளீரோடெர்மா, தோல் இறுக்கம். முதலில் விரல் நுனியில்தான் தொடங்கும். குளிரில், பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் வெள்ளைவெளேரென்று செத்த விரல் மாதிரி ஆகும், அப்புறம் நீலம், அப்புறம் சிவப்பு. சில மாதமோ சில வருசமோ கழித்துத் தோல் தடிக்கும். பறைக்குத் தோலை இழுத்துக் கட்டி நெருப்பில் காய்ச்சினால் எப்படி விறைக்கும், அந்த மாதிரி விரலும் முகமும் விறைத்துப் போகும். வாய் சிறுத்துவிடும், சோற்று உருண்டை உள்ளே போகாது. இத்தோடு நின்றால் பரவாயில்லை. உணவுக்குழாய் இறுகும், நுரையீரல் தழும்பேறும், சிலருக்குத் திடீரென்று ரத்தக் கொதிப்பு ஏறிச் சிறுநீரகம் போய்விடும். காயம் பட்ட இடத்தில் தழும்பு வருவது உடம்பின் இயல்பு. இந்த நோயில் அந்தத் தழும்பு நிற்பதில்லை, போட்டுக்கொண்டே போகிறது. ரத்தத்தைச் சோதித்தால் உடம்பு தன் உயிரணுக்களின் உட்கருவுக்கு எதிராகவே செய்துவைத்திருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் தெரியும். அதனால்தான் ‘உன் உடம்பே உன்னை’ என்கிறார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு சொல்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

‘தன்’னின் கதை விசித்திரமானது. 1900 வாக்கில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற பெரிய விஞ்ஞானி, உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்வதற்கு அஞ்சும், அதற்கான தடை அதற்குள்ளேயே உண்டு என்று சொன்னார். லத்தீனில் அதற்கு ‘ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்’ என்று பெயரும் வைத்தார். பெரியவர் சொல்லிவிட்டார் அல்லவா, அதற்கு மாறான சான்றுகள் இடையில் வந்தும் அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவ உலகம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1956-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் விட்டெப்ஸ்கியும் ரோஸும் முயல்களின் தைராய்டை வைத்துச் சோதனை செய்து, உடம்பு தன்னையே தாக்கக்கூடும் என்று காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. (சாஸ்திரத்தில் சொன்னதற்கு எதிராகக் கண் முன்னால் கண்டது வந்து நின்றால் கண்டதை நம்பாமலிருப்பது நம்மூர்ப் பண்டிதர்களுக்கு மட்டும் உரிய குணம் என்று இதுவரை யாராவது நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளலாம்.) ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னெட்தான் ‘தன்’, ‘தன்னல்லாதது’ என்ற பிரிவினையை நோயெதிர்ப்பு அறிவியலின் அஸ்திவாரமாக்கியவர். 1960-இல் பீட்டர் மெடவாரோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருவில் இருக்கும்போதே உடம்பு தன்னுடையது எது என்று கற்றுக்கொள்கிறது, மற்றதையெல்லாம் அந்நியம் என்று விரட்டுகிறது என்பது அந்தச் சித்திரம். பாடப் புத்தகத்தைப் புரட்டினால் எல்லை, காவல், படை, ஊடுருவல் என்ற பாஷைதான்.

ஊருக்கு எல்லை போட்டு வைத்தவர்களால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். ‘தன்’ என்றும் ‘பிற’ என்றும் கோடு கிழிப்பதைப் பார்த்தால் நமக்கு முதுகு சிலிர்க்கும். ஆனால் உவமை வேறு, உண்மை வேறு. ரத்தத்திலுள்ள வெள்ளையணு ஊர்ப் பஞ்சாயத்து அல்ல. அறிவியலில் சாதியைப் பார்த்துவிட்டேன் என்று கைதட்டல் வாங்குவது சுலபம். அந்த வேலையை நான் செய்யப் போவதில்லை. நான் சொல்ல வருவது, அந்தக் கோட்டை அறிவியலே பிற்பாடு அழிக்க ஆரம்பித்தது என்பதை.

1994-இல் பாலி மாட்ஸிங்கர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஒரு கேள்வி கேட்டார். அந்நியமானதையெல்லாம் உடம்பு தாக்குமென்றால், தாய் ஏன் தன் வயிற்றுப் பிள்ளையைத் தாக்குவதில்லை? சாப்பிடும் சோற்றை ஏன் தாக்குவதில்லை? அவர் சொன்ன பதில்: உடம்பு பார்ப்பது ‘இது நம்மாளா, அந்நியனா’ என்பதை அல்ல, ‘இங்கே சேதம் நடக்கிறதா’ என்பதை. அடிபட்டுச் சாகும் அணுக்கள் போடும் கூக்குரலுக்குத்தான் பாதுகாப்பு ஓடி வருகிறது. இந்தக் கோட்பாட்டை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை, சண்டை நடந்தது. ஆனால் கேள்வி இடம் மாறிவிட்டது. உள்ளே இருப்பவன் யார் என்பதை விட்டு, அடித்தது யார் என்பதற்கு வந்துவிட்டது.

இன்னொரு செய்தி. பிள்ளை பெற்ற தாயின் ரத்தத்தில் அந்தப் பிள்ளையின் அணுக்கள் பல ஆண்டுகள் வாழ்கின்றன. பிரசவமாகி 27 ஆண்டு கழித்தும் ஒரு தாயிடம் ஆண்பிள்ளையின் அணுக்களைக் கண்டதாக 1996-இல் டயானா பியாங்கி குழுவினர் எழுதினார்கள். 1998-இல் ஸ்கிளீரோடெர்மா வந்த பெண்களிடம் இப்படிப்பட்ட பிள்ளை அணுக்கள் கூடுதலாக இருப்பதாக ஜே. லீ நெல்சன் குழுவினர் காட்டினார்கள். அதுதான் நோய்க்குக் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அது போகட்டும். கலப்பில்லாத, சுத்தமான ‘தன்’ என்று எந்த உடம்பிலும் ஒன்று கிடையாது என்பது மட்டும் நிரூபணமாகிவிட்டது. உன் ஆத்தாளின் ரத்தத்தில் நீ ஓடிக்கொண்டிருக்கிறாய், உன்னிடத்தில் அவள். சுத்தம், தீட்டு என்று வாழ்கிற சமூகத்துக்கு இதை யாராவது தண்டோரா போட்டுச் சொன்னால் தேவலை.

இனி தூசிக்கு வருவோம்.

1914-இல் எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்ற மருத்துவர், தன்னிடம் ஸ்கிளீரோடெர்மாவோடு வந்தவர்களில் கல் தச்சர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று கவனித்து எழுதினார். 1957-இல் தென்னாப்பிரிக்காவில், விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இந்த நோய் அதிகமாக இருப்பதை எராஸ்மஸ் என்பவர் பதிவு செய்தார். சிலிகா தூசியோடு சேர்ந்து வரும் இந்த நோய்க்கு அவர் பெயரையே இன்றும் சொல்கிறார்கள். எந்தத் தொழிலாளர்கள் என்று பாருங்கள். 1985-இல் ஸ்லூயிஸ்-கிரெமர் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள், அதுவும் வெள்ளைத் தொழிலாளர்களை. பாறையில் துளை போட்டவர்களும் தூசியின் நடுவே அள்ளிப் போட்டவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள். அவர்கள் டிரான்ஸ்கையிலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள். நோய் முற்றுவதற்கு முன்னாலேயே ஆள் புத்தகத்திலிருந்து போய்விடுவான். கறுப்புத் தொழிலாளர்களிடம் இந்த நோய் இருப்பதைக் கவ்வி என்பவர் தனியாக எழுதியது 1987-இல். எராஸ்மஸுக்கு 30 ஆண்டுகள் கழித்து. ஈஸ்டர்ன் கேப்பில் லிபோடே என்ற வட்டாரத்தில் ஊர் திரும்பிய பழைய சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப்போய் எக்ஸ்ரே எடுத்தபோது, படம் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் கணக்குப்படி நூற்றுக்கு 22 பேருக்கும், இன்னொருவர் கணக்குப்படி 36 பேருக்கும் சிலிகோசிஸ். அது வெளிவந்தது 1998-இல். இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து நிறத்தை நீக்கியதே 1993-இல்தான்.

எண்ணப்படுகிறவன்தான் நோயாளி ஆகிறான். எண்ணப்படாதவன் சும்மா சாகிறான். ஆராய்ச்சி என்பது யாரை எண்ணுவது என்ற முடிவிலிருந்து தொடங்குகிறது. அந்த முடிவை எடுப்பது அறிவியல் அல்ல.

தென்னாப்பிரிக்கா தூரத்துக் கதையாகத் தோன்றுகிறதா? நமக்கும் ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட ஆரம்பித்தபோது வடாற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு போனவர்களில் பெரும்பகுதி நம் சனம். ஊரில் ஆண்டைக்குக் குனிந்ததற்கு இங்கே பூமிக்குள்ளே குனியலாம், கூலியாவது காசாகக் கிடைக்கும் என்று போனார்கள். அங்கேதான் பௌத்த சங்கம் வைத்தார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை அச்சிட்டுக் காப்பாற்றிக் கொடுத்த சித்தார்த்தா புத்தகசாலை அதே சாம்பியன் ரீஃபில் இருந்தது. பண்டிதர் சித்த வைத்தியரும்கூட என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போனது. தங்கம் இருந்த பாறையில் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் என்றால் சிலிகா.

1940 முதல் 1946 வரை அங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 3,402 பேருக்கு சிலிகோசிஸ். 1947-இல் காப்லானும் பர்டனும் வெளியிட்ட கணக்கு இது. இந்தியாவில் தொழில்நோய் பற்றிய பாடநூல்கள் எல்லாவற்றிலும் இந்த எண் இருக்கிறது. 3,402 பேரின் சாதி எந்தப் பாடநூலிலும் இல்லை. இந்த அந்தோனி காப்லான் பிறகு பிரிட்டனுக்குத் திரும்பி வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்தார். மூட்டுவாதமும் தூசி படிந்த நுரையீரலும் சேர்ந்திருப்பவர்களின் எக்ஸ்ரேயில் தனி மாதிரியான உருண்டைகள் தெரிவதை 1953-இல் எழுதினார். இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் ‘காப்லான் சிண்ட்ரோம்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். தூசிக்கும் மூட்டுவாதம் போன்ற ஆட்டோ இம்யூன் நோய்களுக்கும் தொடர்பு உண்டென்று காட்டிய முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. அந்தக் கண் தூசி படிந்த நெஞ்சைப் படிக்கப் பழகியது எங்கே? நம் பாட்டன்மாரின் நெஞ்சில்தான். பெயர் மட்டும் அவருக்கு. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவராவது எண்ணினார்.

தூசி என்ன செய்கிறது? நுரையீரலில் குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு வகை அணு இருக்கிறது, மேக்ரோஃபேஜ் என்று பெயர். ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘ஸ்கேவஞ்சர் செல்’. ஆம், தோட்டி அணு. நானாக இட்டுக்கட்டவில்லை. அது சிலிகா துகளை விழுங்குகிறது. செரிக்க முடியாது, கல் அல்லவா! உள்ளே கிழிபட்டு அது செத்துப்போகிறது. செத்த அணுவிலிருந்து அதே துகள் வெளியே வருகிறது, அடுத்த தோட்டி வந்து விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒவ்வொரு சாவிலும் அழற்சியைக் கிளப்பும் ரசாயனக் கூக்குரல் எழுகிறது. அந்தக் கூக்குரலை எழுப்பும் பொறி எது என்பதை 2008-இல் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஓயாமல் சாவும் அழற்சியுமாக இருக்கிற இடத்தில், சிதறிக் கிடக்கும் சொந்தச் சரக்கின் மேலேயே எதிர்ப்பு திரும்பிவிடுகிறது என்பதுதான் இன்றைய புரிதல். மலக்குழியில் ஒருவன் இறங்கி விழுகிறான், அவனைத் தூக்க இறங்கியவனும் விழுகிறான், அவனைத் தேடி இறங்கியவனும் விழுகிறான். அந்தச் செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! உவமை வேறு, உண்மை வேறு என்று மேலே நான்தான் சொன்னேன். இந்த உவமையை நான் போடவில்லை, பெயர் வைத்தவர்கள் போட்டது.

ஆக, ‘வெளியில ஒண்ணும் இல்லப்பா’ என்பது உண்மையில்லை. வெளியில் கல் இருக்கிறது. கல்லை உடைக்கச் சொன்னவன் இருக்கிறான். தண்ணீர் தெளித்துத் துளை போட்டால் தூசி குறையும் என்று தெரிந்தும் தெளிக்காதவன் இருக்கிறான்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: ‘ஸ்கிளீரோடெர்மா வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாயிற்றே! அவர்கள் எல்லாம் சுரங்கத்திலா வேலை பார்த்தார்கள்?’ நியாயமான கேள்வி. ஆண் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் பெண்கள் நான்கைந்து பேருக்காவது வருகிறது. அவர்களில் மிகப் பலர் தூசியையே பார்த்திராதவர்கள். இது சாதியால் வந்த நோய், சுரண்டலால் வந்த நோய் என்று மொத்தமாகச் சொன்னால் அது பொய். பார்ப்பனப் பெண்ணுக்கும் வரும், முதலாளி மனைவிக்கும் வரும். வலி அவர்களுக்கும் வலிதான்.

பிறப்புக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் வாழும் சாக்டா பழங்குடியினரிடம் இந்த நோய் உலகத்திலேயே மிக அதிகம் என்று 1996-இல் ஆர்னெட் குழுவினர் எழுதினார்கள். கலப்பில்லாத சாக்டா வம்சத்தவரில் லட்சத்துக்கு 469 என்பது அவர்கள் கணக்கு. பரம்பரையாக வரும் மரபணுக் கூறு ஒன்றோடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் காட்டினார்கள். இதே சாக்டா மக்களைத்தான் 1830-களில் அமெரிக்க அரசாங்கம் மிசிசிப்பி மண்ணிலிருந்து பிடுங்கி ஒக்லஹோமாவுக்கு விரட்டியது. வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மரபணுவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘பிறப்பிலேயே அப்படி’ என்ற வார்த்தையைக் கேட்டால் உடனே தலையாட்டிவிட நம்மால் முடியாது. அந்த வார்த்தையால் நமக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

மருத்துவர்கள் கேட்கிறார்கள்: இது பிறப்பால் வந்ததா, தொழிலால் வந்ததா? ஐரோப்பியனுக்கு இவை இரண்டு கேள்விகள். நமக்கு? இந்த நாட்டில் தொழிலே பிறப்பால் கொடுக்கப்பட்டதுதானே! கல்லுடைக்கிறவன் பிள்ளை கல்லுடைத்தான், தோல் பதனிட்டவன் பிள்ளை தோலோடு கிடந்தான். இரண்டு மூன்று தலைமுறை ஒரே தூசியில் இருந்தால் குடும்பத்தில் தொடர்ந்து வருகிற நோய் ரத்தத்தில் வந்ததா, ராட்டையில்லாத கிணற்றில் இறங்கின மாதிரி அந்தக் குழியில் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? சாதி என்பது பிறப்பையும் வேலையையும் சேர்த்துத் தைத்த தையல். இங்கே ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேறு நாட்டின் படிவத்தை நகலெடுத்து ‘குடும்பத்தில் யாருக்காவது உண்டா?’ என்று கேட்டு ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டால், தொழில் பிறப்பாக மாறிவிடும். நோய் நம் வம்சத்தின் குற்றமாகிவிடும்.

என் சித்தப்பா ஒருவர் தங்கவயலில் 19 வயதில் இறங்கி, 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை இருந்தவர். அப்புறம் ஊருக்கு வந்து ஜல்லி கிரஷரில் ஒன்பது வருசம். விரல் வெளுத்தது, மடங்காமல் போனது, கடைசியில் மூச்சு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயின் பெயரைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். மருந்தும் கொடுத்தார்கள். அவர் ஓ.பி. சீட்டில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியிருந்தது. என்ன கூலி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக் கேள் என்று அதில் மருத்துவர்களுக்குச் சொன்னார். அந்தப் புத்தகத்தை எழுத அவரைத் தூண்டியது எது தெரியுமா? அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஒரு தொழிலாளியின் கண்கள். 300 வருசத்துக்கு மேல் ஆகிறது.

சரி, கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சித்தப்பாவின் நோய் தூசியால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. தூசியில் வேலை செய்த ஆயிரம் பேரை எடுத்தால் மற்றவர்களைவிட இவர்களுக்கு நோய் பல மடங்கு கூடுதல் என்று காட்டலாம். ஆனால் இந்த ஒரு மனுசனுக்கு இந்தத் தூசியால்தான் வந்தது என்று விரல் நீட்ட எந்தச் சோதனையும் கிடையாது. தூசியில்லாதவனுக்கும் வருகிறது அல்லவா! கம்பெனி வக்கீல் இந்த இடைவெளியில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். ‘நிரூபி.’

பெரும்பாலானவர்கள் இதை அறிவியல் கேள்வி என்று நினைக்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சி நடக்கட்டும், தெரிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்வளவு ஆராய்ச்சி நடந்தாலும் சந்தேகம் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சிய சந்தேகத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. கொலைக் கேஸில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கொடுக்கிறோம், ஏனென்றால் அங்கே பலவீனன் அவன், எதிரே அரசாங்கம். தூசி கேஸில் பலவீனன் யார்? மூச்சு விட முடியாதவன். அங்கே மட்டும் சந்தேகத்தின் பலன் ஏன் கம்பெனிக்குப் போகிறது?

பிரான்சில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொழில்நோய்ப் பட்டியலில் 25-ஆவது அட்டவணை சிலிகாவுக்கு உரியது. அதில் சிலிகோசிஸோடு சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸும் இருக்கிறது. பத்து ஆண்டு அந்தத் தூசியில் வேலை பார்த்தவனுக்கு, குறித்த காலத்துக்குள் நோய் வந்தால், தொழிலால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அவன் நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கேயும் விஞ்ஞானிகளுக்கு நம்மைவிடக் கூடுதலாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. சந்தேகத்தை யார் தலையில் ஏற்றுவது என்பதை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் 1923-ஆம் வருசத்து இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சிலிகா தூசி என்றால் நுரையீரலை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. சிலிகோசிஸுக்கே சான்றிதழ் வாங்க நாய் படாத பாடு. தோல் இறுகினதற்கு யார் கேட்பார்கள்? தென்னாப்பிரிக்காவில் மங்காயி என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி கம்பெனி மேல் வழக்குப் போடும் உரிமை தனக்கு உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். 2011 மார்ச்சில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. வருவதற்குச் சில நாள் முன்னால் அவர் இறந்துபோனார். அந்தத் தீர்ப்பு திறந்த வழியில்தான் 2019-இல் 500 கோடி ராண்ட் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதிலும் சிலிகோசிஸும் காசநோயும்தான்.

ஆராய்ச்சிக்கு நான் எதிரியா? இல்லை. இந்த நோயில் சிறுநீரகம் தாக்கப்பட்டால் ஒருகாலத்தில் சாவு நிச்சயம். 1970-களின் கடைசியில் காப்டோப்ரில் வந்த பிறகு எத்தனையோ பேர் பிழைத்தார்கள். பிரேசில் நாட்டுப் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த மாத்திரை அது. 2024-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து மருத்துவர்கள், நோயாளியின் சொந்த வெள்ளையணுக்களை எடுத்து மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சையை 15 ஆட்டோ இம்யூன் நோயாளிகளுக்குக் கொடுத்ததன் முடிவை வெளியிட்டார்கள். அதில் நான்கு பேர் ஸ்கிளீரோசிஸ்காரர்கள். நம்பிக்கை தரும் செய்தி. இந்தியாவிலும் 2023-இல் ஒரு கார்-டி சிகிச்சைக்கு, ரத்தப் புற்றுநோய்க்காக, அனுமதி கிடைத்தது. விலை லட்சக்கணக்கில். உடம்புக்குள்ளே ஒவ்வொரு அணுவாகத் தேடித் திருத்தும் அறிவு வந்துவிட்டது. கிரஷருக்கு ஒரு தண்ணீர்க் குழாய் போடும் அறிவு வர மாட்டேன் என்கிறது. குழாய்க்குக் காப்புரிமை கிடையாது.

மாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளவயதுத் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் வந்ததும், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. ஒரு நாடு நினைத்தால் கல்லைக்கூட நிறுத்தலாம்.

போன மார்கழியில் எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் ஒரு நோட்டுப் போட்டார்கள். கிரஷருக்குப் போனவர்கள், போகிறவர்கள் பெயர், வயது, எத்தனை வருசம், துளை போடுகிற வேலையா அள்ளுகிற வேலையா, விடிகாலைக் குளிரில் விரல் வெளுக்கிறதா, ரேசன் கடை மெஷினில் ரேகை விழுகிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். ரேகை பற்றிய கேள்வியைப் பையன்களே சேர்த்தது. கல் தேய்த்த விரலுக்கும் விழாது, தோல் இறுகின விரலுக்கும் விழாது, எது எது என்று பிறகு டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். 41 பேர் தேறியது. அதில் ஒரு கிழவி, 22 வருசம் ஜல்லி சுமந்தவள், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தாளாம். எழுத்துத் தெரியாது. ‘எம் பேரு எங்க இருக்குது, காட்டு’ என்றாளாம். காட்டியதும் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, ‘இத எவங்கிட்ட கொண்டுபோயிக் குடுக்கப் போறீங்க?’ என்று கேட்டாளாம்.